தோளுக்குத் திரும்பிய கைகள்

தாமிரபரணிக்கு இந்தக் கரையில் ரயில் ஜங்ஷனும் அந்தக் கரையில் பாளையங்கோட்டையும் இருக்கிற ஊரில், ஓர் ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை காலை, குழாயில் தண்ணீர் வந்து நின்ற பிறகு, செத்துப்போனவர்களின் படங்களில் கைகள் வந்தன.

எல்லாப் படங்களிலும் இல்லை. மாலை போட்டு, பொட்டு வைத்து, மேலே சின்ன சிவப்பு பல்பு எரிய மாட்டியிருக்கும் படங்கள் அந்த ஊரில் எத்தனையோ ஆயிரம் இருக்கும். அவற்றில் நூற்றுப் பதினெட்டுப் படங்களில் மட்டும், படத்தில் இருப்பவரின் தோள் மேல், சட்டத்துக்கு வெளியே நின்று யாரோ நீட்டிய மாதிரி ஒரு கை இருந்தது. சிலது மணிக்கட்டு வரை, சிலது முழங்கை வரை. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு வெள்ளைக் கை, கலர் படத்தில் கலர் கை.

கை எங்கிருந்து வந்தது என்று யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை, ஏனென்றால் அது எங்கே போயிருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் யாரும் தனியாகப் படம் எடுத்துக்கொள்வதில்லை. கல்யாண வீட்டில் எடுப்பார்கள், டீம் ஜெயித்தால் எடுப்பார்கள், சிநேகிதர் இரண்டு பேர் புதுச் சட்டை போட்டால் ஸ்டூடியோவுக்குப் போய் எடுப்பார்கள். பிறகு ஒரு நாள் அவர்களில் ஒருவர் செத்துப்போவார். வீட்டார் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷனில் இருக்கும் தேவசகாயம் ஸ்டூடியோவுக்கு வந்து, "இவரை மட்டும் தனியா எடுத்துக் கொடுங்க" என்பார்கள். ஸ்டூடியோவில் பக்கத்தில் இருப்பவரை வெட்டிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவரை வெட்டலாம், அவர் போட்டிருக்கும் கையை வெட்ட முடியாது, வெட்டினால் தோளும் போய்விடும். அதனால் டச்சிங் செய்கிறவர் பிளேடு முனையால் அந்தக் கையை மெல்லச் சுரண்டி, அணில் முடி பிரஷ்ஷை நாக்கில் தொட்டுக் கூராக்கி, கை இருந்த இடத்தில் சட்டைத் துணியை வரைந்து மூடுவார். நாற்பத்தோரு வருஷம் அந்த வேலையைச் செய்தவர் கோமதிநாயகம். அவர் மூடிய கையை மூடினது என்று யாரும் கண்டுபிடித்ததில்லை, செவ்வாய்க்கிழமை வரை.

முதலில் பார்த்தது பாளையங்கோட்டையில், எஸ்தர் சிஸ்டரின் தம்பி வீட்டில். எஸ்தர் முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்து காலமானவர். அவர் படத்தைத் துடைக்க ஸ்டூல் போட்டு ஏறிய தம்பி மனைவி, நாத்தனார் தோளில் ஒல்லியாக ஒரு கை, டயலை உள்பக்கம் திருப்பிக் கட்டிய ஆம்பளை வாட்ச்சோடு இருப்பதைக் கண்டு, இறங்கி, ஸ்டூலை எடுத்து வைத்து, காப்பி குடித்துவிட்டு, பிறகுதான் கணவனைக் கூப்பிட்டாள்.

"இந்த வாட்ச்சை எங்கயோ பாத்திருக்கேன்" என்றார் தம்பி.

"எங்கயோவா? நாப்பது வருஷம் உங்க அக்கா கூட ஒரே வீட்ல இருந்த பகவதி டீச்சர் கையில பாத்தீய. உங்களுக்கு எட்டாங்கிளாஸ்ல காதைத் திருகினது இந்தக் கைதான்."

தம்பி தன்னையறியாமல் காதைத் தடவிக்கொண்டார்.

பகவதி டீச்சருக்கு எண்பத்தொரு வயது. தகவல் சொன்னதும் ஆட்டோவில் வந்து இறங்கி, படத்தை வெகுநேரம் பார்த்தார். தன் கையைப் படத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். "என் கைதான். இவ்வளவு கறுப்பு இல்ல. அந்த தேவசகாயம் லைட்டை எப்பவும் தப்பாத்தான் வைப்பான்" என்றார். பிறகு தம்பி மனைவியிடம், "மாலையைக் கொஞ்சம் நீளமாக் கட்டச் சொல்லும்மா, இப்ப கையை நெருக்குது" என்றார். அவ்வளவுதான் பேசினார். ஆனால் ஆட்டோ ஏறும்போது, முப்பத்தைந்து வருஷமாக ஆஸ்பத்திரி கேட்டில் காத்திருக்கும்போதெல்லாம் செய்ததுபோல, வாட்ச்சை இரண்டு தடவை பார்த்தார்.

ஊர் இந்த அதிசயத்தைத் தன் பழக்கவழக்கங்களுக்குள் இழுத்துக்கொள்ள ஒன்பது நாள் ஆயிற்று. முதல் நாள் பேப்பரில் வந்தது. இரண்டாம் நாள் பேப்பரில் மழை பெய்யாதது பற்றி வந்தது. மூன்றாம் நாள் பூக்கடைக்காரர்கள், வலத்தோளில் கை, இடத்தோளில் கை என்று இரண்டு அளவில் மாலை கட்டத் தொடங்கினார்கள். கைகளும் சும்மா இருக்கவில்லை. பெரிதாக எதுவும் செய்யாது, கொசு வந்தால் விரட்டும், மாலை சரிந்தால் நேராக்கும். டவுனில் நாகசுரக்காரர் ஒருவரின் தோளில் வந்த தவில்காரர் கை, ரேடியோவில் கச்சேரி வைத்தால் தாளம் போட்டது. பாடகர் தாளம் தப்பினால் நிறுத்திவிடும். பேரப் பிள்ளைகளுக்கு அதைப் பார்ப்பது டி.வி. பார்ப்பதைவிடப் பிடித்திருந்தது.

கோபப்பட்ட வீடுகளும் உண்டு. ஒரு வீட்டார் கோமதிநாயகத்தைக் கூட்டிவந்து கையை மறுபடி மூடச் சொன்னார்கள். அவர் பிரஷ்ஷை நாக்கில் தொட்டு மூன்று மணி நேரம் வேலை பார்த்து மூடினார். சாயங்காலம் விளக்கு வைக்கும்போது கை வந்துவிட்டது. மறுநாளும் மூடினார், மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் அந்தக் கை, தோளை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்திருந்தது. இன்னொரு வீட்டில் படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டினார்கள். கை சட்டத்தைச் சுற்றி நாலு விரலை இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு, வருகிறவர்கள் எல்லோரும் என்ன இது என்று கேட்கும்படி ஆயிற்று. பதினாலு படங்கள் பரணுக்குப் போயின. தேவசகாயத்தின் மகள் ஜெசிந்தா, ஐம்பது வயது, இப்போது ஸ்டூடியோவை நடத்துகிறவள், அந்தப் பதினாலு வீட்டுக்கும் நேரில் போய், "எங்க ஸ்டூடியோ வேலை சரியில்லைன்னா நாங்கதான் திருப்பி எடுத்துக்கணும்" என்று சொல்லிப் படங்களை வாங்கிவந்து, கடை முன்னறையில் வரிசையாக மாட்டினாள்.

கவுன்சிலர் சங்கிலிபூதத்தான் குடும்பத்தினர் வந்து சண்டை போட்டதும் அந்த முன்னறையில்தான். காலஞ்சென்ற கவுன்சிலர், எந்த போட்டோ எடுத்தாலும் பக்கத்தில் இருப்பவர் தோளில் கை போடுகிறவர். "எங்கப்பா கை போட்ட போட்டோ முந்நூறாவது இருக்கும், அதுல எத்தனையோ பேர் செத்தும் போயாச்சு. ஒரு படத்துலகூட அவர் கை வரலைன்னா என்ன அர்த்தம்? யாரோ சதி செய்யுதாங்க" என்றார் மகன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பகவதி டீச்சர், வகுப்பில் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "தம்பி, கை போட்டவங்க கையெல்லாம் வரலை. பிரியமா வச்சவங்க கைதான் வந்திருக்கு. உங்கப்பா ஓட்டுக்கு வச்சாரு."

அப்போதுதான் ஊருக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. புரிந்தபிறகு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆட்கள் ஸ்டூடியோவுக்கு வரத் தொடங்கினார்கள். கக்கத்தில் துண்டு சுற்றிய படத்தோடு சிலர், வெறும் கையோடு சிலர். வெறும் கையோடு வந்தவர்கள் முன்னறைச் சுவரில் தங்கள் கையைத் தேடினார்கள். தழும்பைக் காட்டினார்கள், மோதிரத்தைக் காட்டினார்கள். வாலிபால் டீமில் இருந்த ஒருவர் கோணிப்போன சுண்டுவிரலைக் காட்டினார். ஆண்களைப் பிரியமாக வைத்திருந்த ஆண்கள், பெண்களைப் பிரியமாக வைத்திருந்த பெண்கள். கல்லூரியிலிருந்து இதை எழுதவந்த அம்மாள் அவர்களைத் தன்பாலீர்ப்பாளர் என்று குறித்துக்கொண்டார், பகவதி டீச்சர் வாங்கிப் படித்து, சரி என்று டிக் போட்டுக் கொடுத்தார். ஜெசிந்தா ஒரு நீள நோட்டில் எந்தத் தோள், எந்தக் கை, எந்த வருஷம், எங்கே சந்தித்துக்கொண்டார்கள் என்று எழுதிக்கொண்டே வந்தாள்.

அந்த நோட்டிலிருந்துதான் ஆற்றங்கரைக் கல்மண்டபத்து விவகாரம் தெரியவந்தது. ஐம்பது வருஷமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மண்டபத்தில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து கண்மூடித் தியானம் செய்யும் பக்தர்களை ஊரே அறியும். உண்மையில் அவர்களில் ஒருவரும் பக்தர் இல்லை. ஒவ்வொரு ஜோடியும், பக்கத்துத் தூணடியில் இருப்பவர்கள் நிஜமான பக்தர்கள் என்று நம்பி, அவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு, விரலோடு விரல் மட்டும் தொட உட்கார்ந்திருந்தது. பக்கத்துத் தூணடியும் அதையேதான் செய்தது.

"நீரு விரதம் இருக்கீருன்னு சொல்லித்தானவே நாங்களும் இருந்தோம்" என்றார் வாலிபால்காரர், எதிரே இருந்த ஓய்வுபெற்ற தபால்காரரிடம். "பதினெட்டு வருஷம் வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடலை."

"நான் எங்கவே விரதம் இருந்தேன்? எனக்கு அல்சர்."

ஊரில் தங்களைப் போல வேறு யாருமே இல்லை என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஒரே மண்டபத்தில், ஏழடி தள்ளி உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை ஜெசிந்தா நோட்டில் எழுதினாள். எழுதிவிட்டுச் சிரித்தாள்.

இவ்வளவும் நடக்கும்போது, உள்ளறையில் மேஜை விளக்கடியில் உட்கார்ந்திருந்த கோமதிநாயகம் முன்னறைக்கு வரவே இல்லை. எழுபத்திரண்டு வயது அவருக்கு. நூற்றுப் பதினெட்டுக் கைகளையும் மூடியவர் அவர், அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார வேண்டியவரும் அவர். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கை. அது அவருடையது, அது வரவேண்டிய தோள் நயினாருடையது.

நயினார் டவுனில் சோடா கம்பெனி வைத்திருந்தார். கோலி சோடா வெடித்து வலது கட்டைவிரலில் பிறை மாதிரி ஒரு தழும்பு. இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேரும் மண்டபத்தில் மூன்றாவது தூணடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நயினாருக்குக் கல்யாணம் ஆயிற்று, பிரமு என்ற பிரம்மநாயகி வந்தாள். கோமதிநாயகம் அவளை மதினி என்று கூப்பிட்டார், அவள் கையால் சாப்பிட்டார். நயினார் மாரடைப்பில் போனபோது வீட்டில் அவர் தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. வீட்டிலிருந்த கல்யாணப் படமும் ஸ்டூடியோ நெகட்டிவும் வெள்ளத்தில் போயிருந்தன. ஒரே ஒரு படம், இரண்டு பேரும் புதுச் சட்டையில் நிற்பது, கோமதிநாயகத்தின் பெட்டியில் இருந்தது. அதை அவரே எடுத்து, அவரே நடுவில் வெட்டி, நயினாரின் பாதியைப் பெரிதாக்கி, துக்கம் பதினாறாம் நாளுக்குள் கொடுத்தார்.

அந்தப் படத்தில் அவர் கை நயினார் தோளில் இருக்கவே இல்லை. இதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் கிடையாது. மற்றவர்களின் கையை மூடி மூடிப் பழகியவர் என்பதால், தன் கையால் யாருக்கும் வேலை வைக்கக் கூடாது என்று, எந்தப் படத்திலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அவர் நிற்பார். மூடாத கை எப்படித் திரும்பி வரும்? தெரிந்தும், ஆடி முழுக்க, ஆவணி முழுக்க, தினம் மத்தியானம் டவுன் பஸ் ஏறி நயினார் வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

முதல் நாள், சும்மா வந்தேன் என்றார். இரண்டாம் நாள், குடை மறந்துவிட்டேன் என்றார். குடை கையில் இருந்தது. நாற்பதாம் நாள் பிரமு காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கை வரலையா?"

கோமதிநாயகம் காப்பியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிய? அவிய வெள்ளிக்கிழமையானா மண்டபத்துக்குப் போவாவ, திரும்பி வரும்போது ஒரு நாளாவது நெத்தியில திருநீறு இருந்திருக்கா? நானும் இந்தப் படத்தை தினம் பாக்கேன், உங்களுக்கு முன்னாடியே. எங்க கல்யாணப் படத்துல நான் கூசிக்கிட்டு ஒரு முழம் தள்ளி நின்னுட்டேன். நீங்க கையைப் பின்னால கட்டிட்டு நின்னிருப்பிய. எங்கையும் வரல, உங்க கையும் வரல. ஊர்ல யார் யாருக்கோ வருது, நம்ம ரெண்டு பேருக்கும் கொடுத்துவைக்கல."

"தப்பு என்னுது மதினி."

"தப்பு கிடக்கட்டும். எனக்கு இன்னொரு விஷயம் சொல்லுங்க." அவள் படத்தின் இடது ஓரத்தைக் காட்டினாள். அங்கே நயினாரின் வலது கை நீண்டு, ஒரு நாற்காலியின் முதுகுக்கு மேலாகச் சட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது. "இந்தத் தேக்கு நாற்காலி எங்க அப்பா சீர்ல கொடுத்த மாதிரியே இருக்கு. அவிய செத்த வாரத்துல அது காணாமப் போச்சு. எங்க நாத்தனா வண்ணமுத்துதான் தூக்கிட்டுப் போயிட்டா. இருவது வருஷமா அவ வீட்டு வாசல் மிதிக்கலை, நான். நீங்க அங்க எங்கயாவது பாத்தியளா?"

"இல்ல மதினி" என்று சொல்லிக் காப்பியைக் குடிக்காமல் எழுந்துபோனார்.

மறுநாள் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் புதுசு. பழைய கண்டக்டர்களுக்குக் கோமதிநாயகத்தைப் பார்த்தாலே போதும். அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார், அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இவர் விடவில்லை.

"பையத் தட்டினா எப்படி அண்ணாச்சி? பாஸை எடுத்துக் காட்டுங்க."

எடுத்துக் காட்டினார்.

"ஒருத்தர் பாஸுக்கு ஒருத்தர் படம்தான இருக்கணும்? இது யார் கை?"

கோமதிநாயகம் பாஸைத் திருப்பித் தன் பக்கம் பிடித்தார். பிளாஸ்டிக் உறைக்குள், தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய படத்தில், புதுச் சட்டை போட்டுக் கைகளைப் பின்னால் கட்டிய முப்பது வயதுக் கோமதிநாயகம் நின்றுகொண்டிருந்தார். அவர் தோளில் ஒரு கை இருந்தது. கட்டைவிரலில் பிறை மாதிரித் தழும்பு.

படத்தின் மற்றப் பாதி அது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் பாஸ் எடுக்கப் போனபோது, புதுப் படம் எடுக்க மனசில்லாமல் அந்தப் பாதியிலிருந்தே சின்னதாக ஒன்று எடுத்து, அதிலிருந்த நயினாரின் கையை அவர்தான் மூடினார். செத்தவர்கள் தோளில்தான் கை வருகிறது என்று ஊரோடு சேர்ந்து அவரும் நினைத்துவிட்டார். ஊர் முழுக்கச் சுவரைப் பார்த்ததே தவிர, யாரும் சட்டைப் பையைப் பார்க்கவில்லை.

"கேக்கம்லா, யார் கை?" என்றார் கண்டக்டர்.

மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண், "விடுமய்யா, ஊரெல்லாம் வந்த கை பஸ்ல வரக்கூடாதா?" என்றாள். பஸ் முழுக்க அவரையே பார்த்தது. கோமதிநாயகம் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். அது நயினார் வீட்டு ஸ்டாப் இல்லை. இரண்டு ஸ்டாப் தூரத்தை வெயிலில் நடந்தே போனார்.

பிரமு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "அவிய கைதான்" என்றாள். "சோடா வெடிச்ச அன்னைக்கு நான்தான் மஞ்சள் வச்சுக் கட்டினேன்." பாஸை எடுத்துப்போய்ச் சுவரில் இருந்த படத்தின் இடது ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். சின்னக் கைதான், பெரிய தோள்தான், ஆனாலும் நீண்டுபோன வலது கை, நாற்காலிக்கு மேலாகச் சட்டத்தைத் தாண்டிப் போய், நேராகக் கோமதிநாயகத்தின் தோளில் போய் இறங்கியிருந்தது.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக்கு இனி வரலாமா கூடாதா என்பது அந்த முகத்தில்தான் இருந்தது.

"அப்ப நாற்காலி?" என்றாள் பிரமு.

"நாற்காலியே கிடையாது மதினி. கை அந்தரத்துல நிக்குதேன்னு நான் வரைஞ்சது. உங்க வீட்டு நாற்காலிய மனசுல வச்சு வரைஞ்சேன்."

"அப்ப எங்க அப்பா கொடுத்த நாற்காலி?"

"கால் ஒடிஞ்சுபோச்சுன்னு நயினார் எங்கிட்டக் கொடுத்தாரு, சரி பண்ண. ஸ்டூடியோ மாடியில கிடக்கு. அவர் போனபிறகு பாக்க முடியலை, சாக்கு போட்டு மூடிட்டேன்."

பிரமு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இருவது வருஷம்" என்றாள். "அவ மக கல்யாணத்துக்குப் போகலை. பேரன் பேர் வைக்கப் போகலை. கோயில்ல எதிர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்." தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கோமதிநாயகம் பதறி எழுந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படத்தை இறக்குங்க" என்றாள். "வண்ணமுத்து வீட்டுக்குப் போவோம். நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்களும் வரணும், வந்து உங்க வாயால சொல்லணும்."

"என்னன்னு சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்க."

பஸ்ஸில் அதே கண்டக்டர். பிரமு நயினாரின் படத்தை மாலையோடு மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கோமதிநாயகம், உறையைத் திறந்து பாஸை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் கேட்டேன், சொல்லாம இறங்கிட்டிய" என்றார் கண்டக்டர்.

கோமதிநாயகம் பஸ் முழுக்கக் கேட்கிற குரலில், அது எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாத ஒரு குரலில், "எனக்குன்னு இருந்தவர் கை" என்றார். "பேரு நயினார். இந்தா இருக்காரு, இவர்தான்."

கண்டக்டர் படத்தைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார், பிரமுவைப் பார்த்தார். "அம்மாவுக்கு இலவசம். அண்ணாச்சிக்குப் பாஸ். படத்துக்கு லக்கேஜ் போடணும்" என்றார்.

"லக்கேஜா?" என்றாள் பிரமு. "எங்க ரெண்டு பேருக்கும் வேண்டிய ஆளுவே அது. ஆள் டிக்கெட் போடும்."

கண்டக்டர் ஆள் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். கோமதிநாயகம் அதை நாலாக மடித்து, பாஸ் உறைக்குள், அந்தக் கைக்குப் பக்கத்தில் செருகினார். பாலத்தில் பஸ் ஏறியபோது காற்றில் நயினாரின் மாலை சரிந்தது. பிரமு ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்து நேராக்கினார்கள்.